வெளிநாட்டில் இசையும் இலக்கியமும் படிக்கப் போகிறீர்களா? காதிலிருந்து தொடங்குங்கள்

ஒரு பருவமோ ஒரு வருடமோ வெளிநாட்டுக்குப் போய் இசை, இலக்கியம், பண்பாடு என்று படிக்கிறவர்கள் பலரும் அதை மூன்று தனித்தனிப் பாடமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இசைக்கு ஒரு வாத்தியார், இலக்கியத்துக்கு ஒரு புத்தகப் பட்டியல், பண்பாட்டுக்கு வார இறுதியில் அருங்காட்சியகம். படிப்பு முடிந்து திரும்பும்போது மூன்றைப் பற்றியும் ஏதோ தெரிந்திருக்கும், ஆனால் அந்த ஊரின் ஓசை எப்படி இருக்கும் என்று கேட்டால் பதில் இருக்காது. என் கருத்து இதுதான்: மூன்றுக்கும் ஒரே வாசல் உண்டு, அது காது. ஒரு ஊரில் யார் எப்போது பேசுகிறார்கள், எப்போது எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள், எந்த இடத்தில் குறுக்கே குரல் கொடுக்கலாம் என்பதைப் பிடித்துவிட்டால் அந்த ஊர்ப் பாட்டும் கவிதையும் பாதி புரிந்த மாதிரி.

முதலில் கூட்டத்தைக் கேளுங்கள்

கச்சேரிக்குப் போனதும் மேடையைத்தான் பார்ப்போம். முதல் தடவை மட்டும் மேடையை விட்டுவிட்டு, கேட்க வந்தவர்களைக் கேளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் ஃபாடு என்ற ஏக்கப் பாட்டைப் பாடும் விடுதிகளில் பாட்டு தொடங்கும் முன் விளக்கைக் குறைப்பார்கள். யாராவது ஒருவர் அமைதி கேட்பார், அதற்கப்புறம் தட்டும் கரண்டியும் இடிக்கிற சத்தம்கூட வரக்கூடாது, பரிமாறுவதும் நின்றுவிடும். அதே போர்ச்சுகலில் வடக்கே கொயிம்ப்ராவுக்குப் போனால், பல்கலைக்கழகத்தின் கறுப்பு அங்கி போட்ட ஆண்கள் பாடுகிற இன்னொரு ஃபாடு மரபு இருக்கிறது. அங்கே கைதட்டுவது வழக்கமில்லை, பாராட்ட வேண்டுமென்றால் தொண்டையைச் செருமுவார்கள். ஃபாடுவை யுனெஸ்கோ 2011-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது என்ற செய்தி எந்தக் கையேட்டிலும் கிடைக்கும், இந்தச் செருமல் அங்கே உட்கார்ந்தால்தான் கிடைக்கும்.

எல்லையைத் தாண்டித் தெற்கு ஸ்பெயினுக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். ஹெரெஸ், செவில்லே பக்கம் ஃப்ளமெங்கோ என்ற பாட்டும் ஆட்டமும் நடக்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பதுதான் மரியாதைக் குறைவு. 'ஓலே' என்று குரல் கொடுக்க வேண்டும், ஆனால் நினைத்த இடத்தில் கொடுக்க முடியாது. சொலெயா என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். 12 எண்ணிக்கை கொண்ட சுற்று, 3, 6, 8, 10, 12 ஆகிய எண்களில் அழுத்தம் விழும். பாடுபவர் ஒரு வரியை இழுத்துக்கொண்டே போய் 10-ஆவது எண்ணில் இறக்கி வைக்கும்போது சுற்றி இருப்பவர்களின் குரல் சரியாக அங்கே வந்து விழும். அதாவது ஓலே சொல்கிறவருக்குத் தாளமும் தெரியும், வரி எங்கே முடிகிறது என்று பாட்டின் சொல்லும் தெரியும். யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை.

ஜப்பானில் கபுகி நாடகத்தில் இதற்கு நிகரான ஒன்று இருக்கிறது. தூரத்து மேல் வரிசைகளில் உட்காரும் பழகிய ரசிகர்கள், நடிகர் ஒரு தோரணையில் உறைந்து நிற்கும் அந்த ஒரு கணத்தில் அவருடைய பரம்பரைப் பெயரை உரக்கக் கூப்பிடுவார்கள். அரை நொடி தவறினால் காட்சியே கெட்டுப் போகும். அயர்லாந்தில் ஷான்-நோஸ் என்ற பக்கவாத்தியம் இல்லாத பாட்டு மரபில், கேட்பவர்கள் வரிகளுக்கு நடுவே மெதுவாக ஒரு பாராட்டுச் சொல் சொல்வார்கள், சில இடங்களில் ஒருவர் பாடுபவரின் கையைப் பிடித்து மெல்லச் சுழற்றிக்கொண்டே இருப்பார்.

ஆக முதல் பயிற்சி. எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் முதல் தடவை ஒரு சின்ன நோட்டில் கூட்டத்தை மட்டும் எழுதுங்கள்: எப்போது அமைதியானார்கள், யார் அமைதியாக்கினார்கள், முதல் சத்தம் எங்கிருந்து வந்தது, குழந்தை அழுதால் யார் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். அடுத்த தடவை போகும்போது பாட்டு வேறு மாதிரிக் கேட்கும்.

கிளம்பும் முன்

அந்த நாட்டுப் பாடல்களைத் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், அது நல்லதுதான். கூடவே வானொலியும் கேளுங்கள், அதுவும் பாட்டில்லாத நிகழ்ச்சிகளை. வானிலை அறிக்கை, கால்பந்து வர்ணனை, நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சி. உலக வரைபடத்தைச் சுழற்றி எந்த ஊர் வானொலியையும் கேட்க உதவும் ரேடியோ கார்டன் என்ற இணையதளம் இதற்கு அருமையான இடம். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, உண்மையில் புரியாத கட்டத்தில்தான் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, ஒருவர் முடிக்கும் முன் அடுத்தவர் எவ்வளவு தூரம் உள்ளே நுழைகிறார் என்பதெல்லாம் தெளிவாகக் கேட்கும். புரியத் தொடங்கியதும் பொருள் முந்திக்கொள்ளும், ஓசை பின்னால் போய்விடும். அந்த முதல் சில வாரங்கள் திரும்பக் கிடைக்காது, வீணாக்காதீர்கள்.

எங்கே படிப்பது என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள் ஒன்றை மட்டும் பாருங்கள்: அந்த ஊரில் நீங்கள் படிக்கப் போகும் இசை வகுப்புக்கு வெளியேயும் வாழ்கிறதா? லண்டனில் சோயாஸ் பல்கலைக்கழகம், அயர்லாந்தில் லிமரிக் பல்கலைக்கழகத்தின் ஐரிஷ் வேர்ல்ட் அகாடமி, பாலியில் டென்பசார் கலைக் கல்லூரி என்று நல்ல இடங்கள் நிறைய உண்டு. இந்தோனேசிய அரசின் டார்மசிஸ்வா உதவித்தொகை மூலமாகவும் பலர் அங்கே கேமலான் என்ற வெண்கல வாத்தியக் குழு இசை கற்கப் போயிருக்கிறார்கள். ஆனால் பெயரைவிட, மாலையில் நடந்து போய்க் கேட்கும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஒரே இடம், பல வேளைகள்

போய் இறங்கியதும் ரெக்கார்டரை எடுக்காதீர்கள். முதல் இரண்டு வாரமாவது காதும் பென்சிலும் போதும்.

கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ஆர். மரி ஷேஃபர் என்ற இசையமைப்பாளர் 1960-களின் கடைசியில் ஒரு குழு அமைத்தார். ஊரின் ஓசையை ஒரு இசைக்கோவையைக் கேட்பதுபோல் கவனித்துக் கேட்பது அவர்களுடைய வேலை. 1973-இல் வான்கூவர் நகரத்தின் ஓசைகளைப் பதிவு செய்து வெளியிட்டார்கள், 1975-இல் ஐரோப்பாவில் ஸ்வீடன், ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ், ஸ்காட்லாந்து என்று ஐந்து நாடுகளில் நாட்டுக்கொரு கிராமமாக எடுத்துக் கேட்டார்கள். ஷேஃபர் ஓசைகளை மூன்றாகப் பிரித்தார். எப்போதும் அடியில் ஓடிக்கொண்டிருப்பதால் யாரும் கவனிக்காத அடிநாதம் ஒன்று, கடலோ போக்குவரத்தோ போல. கவனத்தை இழுக்கிற சைகை ஒன்று, மணி, சங்கு, சைரன் மாதிரி. மூன்றாவது, அந்த ஊருக்கே உரிய, அது நின்றுபோனால் ஊர்க்காரர்கள் உடனே கவனிக்கிற அடையாள ஓசை. நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுத இந்தப் பிரிவு போதும்.

எப்படி எழுதுவது? ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: சந்தை மூலை, படகுத்துறை, நூலக வாசல், எதுவானாலும். விடிகாலை, நண்பகல், மாலை, நள்ளிரவுக்குப் பக்கம் என்று நான்கு வேளையும் தனித்தனி நாளில் போய் இருபது நிமிடம் அசையாமல் நில்லுங்கள். கேட்ட ஓசை, எந்தத் திசை, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், யார் அதற்கு எப்படி அசைந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் உயிர். தேவாலய மணி அடித்தது என்று எழுதினால் அது வெறும் தகவல். மணி அடித்ததும் கடைக்காரர் கதவுப் பலகையைத் திருப்பி வைத்தார், வயதான இருவர் பேச்சை நிறுத்தாமலே எழுந்து நடந்தார்கள் என்று எழுதினால் அந்த மணிக்கு இன்னும் என்ன அதிகாரம் மிச்சம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இஸ்தான்புல்லில் படிக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் தினமும் ஐந்து வேளை இலவசமாகக் கிடைக்கிறது. தொழுகை அழைப்பின் வாசகம் ஏறக்குறைய ஒன்றேதான், விடிகாலையில் மட்டும் ஒரு வரி கூடும். ஆனால் துருக்கிய மரபில் ஒவ்வொரு வேளைக்கும் ஒவ்வொரு மக்காம், நம் ராகம் மாதிரி: விடிகாலைக்கு சபா, பிற்பகலுக்கு ராஸ்த், அந்திக்கு சேகா. ஒரே வாசகம், வேளைக்கு வேளை மாறும் இசை. ஒரு வாரம் அதே சன்னலில் நின்று கேளுங்கள், நேரம் பார்க்காமலே எந்த வேளை என்று சொல்ல முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். அப்புறம் மக்காம் பற்றிய புத்தகத்தைத் திறந்து பாருங்கள். வரிசையை மாற்றாதீர்கள், புத்தகம் முதலில் வந்தால் காது அதற்கு அடங்கிப் போய்விடும்.

கவிதையை வாயால் படியுங்கள்

இலக்கிய மாணவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது, ஏனென்றால் ஓசை என்பது இசைக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் இவர்கள்தான்.

செக் இசையமைப்பாளர் லியோஷ் யானாச்செக் தெருவில் கேட்ட பேச்சையெல்லாம் இசைக் குறியீட்டில் எழுதி வைத்துக்கொள்வார். ஒரு வியாபாரி சொன்ன விலை, ஒரு குழந்தையின் கேள்வி. தன் மகள் ஓல்கா 1903-இல் மரணப் படுக்கையில் பேசியதைக்கூட அப்படி எழுதி வைத்திருக்கிறார். அவருடைய ஓப்பரா என்ற இசை நாடகங்களில் பாத்திரங்கள் பாடுவது பேசுவதுபோல் இருப்பதற்குக் காரணம் இந்த நோட்டுகள்தான். உங்களுக்கு இசைக் குறியீடு தெரியாவிட்டாலும் செய்யலாம், குரல் ஏறினால் கோட்டை ஏற்றுங்கள், இறங்கினால் இறக்குங்கள். அந்த ஊரில் 'நன்றி'யும் 'மன்னிக்கவும்' என்பதும் 'அப்படியா'வும் எப்படி ஏறி இறங்குகின்றன என்று ஒரு பக்கம் வரைந்தாலே போதும். துல்லியமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ப்ராட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒலிப்பதிவைக் கொடுத்தால் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகவே வரைந்து காட்டும்.

அடுத்தது, அந்த மொழிக் கவிதை ஒன்றை, பதினான்கு இருபது வரிக்கு மேல் வேண்டாம், அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்யுங்கள். எழுத்தைப் பார்க்காமல். அவர் எங்கே மூச்சு விடுகிறாரோ அங்கேயே விடுங்கள். பிறகு வேறொரு வட்டாரத்துக்காரரிடம் அதைச் சொல்லிக் காட்டுங்கள். அவர் திருத்துவார், திருத்தும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வட்டார வழக்கு, வர்க்கம், வயது எல்லாம் அந்தத் திருத்தங்களுக்குள்தான் இருக்கும். இது வெட்கமான வேலை, செய்யத் தயங்குவீர்கள். ஆனால் ஒரு பருவம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து கிடைக்காதது ஒரு மாலையில் கிடைக்கும்.

பாட்டும் பேச்சும் பிரிக்கவே முடியாத இடங்களும் உண்டு. நைஜீரியாவில் யொருபா மொழிக்கு மூன்று சுருதி நிலைகள், சுருதி மாறினால் சொல்லின் பொருளும் மாறும். துந்துன் என்ற இடை குறுகிய மேளத்தின் வாரை இடுக்கி இறுக்கியும் தளர்த்தியும் வாசிப்பவர், பேச்சின் ஏற்ற இறக்கத்தையே மேளத்தில் கொண்டுவருவார். ஒரிகி என்ற புகழ்ப்பாட்டு இப்படி வாய் திறக்காமலே சொல்லப்படும், கேட்பவர்கள் சொல்லாகவே கேட்பார்கள். இதைத் தாளம் என்று இசை வகுப்பில் ஒரு பாதியும், கவிதை என்று இலக்கிய வகுப்பில் மறுபாதியும் படித்தால் என்ன புரியும்?

அமெரிக்கப் பேராசிரியர் மில்மன் பாரி 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில், ஆல்பர்ட் லார்டின் துணையோடு, குஸ்லே என்ற நரம்புக் கருவியோடு காவியம் பாடுகிறவர்களை அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவ்தோ மெஜெதோவிச் என்ற பாடகர் 1935-இல் 12,000 வரிகளுக்கு மேல் நீளும் ஒரு காவியத்தைச் சொல்லி எழுத வைத்தார். பதிவுகளை ஒப்பிட்டபோதுதான் ஒரு பாடகர் அதே காவியத்தை ஒவ்வொரு முறையும் தயாராக உள்ள தொடர்களைக் கொண்டு புதிதாகக் கட்டுகிறார் என்பது தெளிவானது. ஹோமரைப் படிக்கும் முறையே அதனால் மாறியது. கிரேக்கக் காவியம் பற்றிய கேள்விக்கு விடை நூலகத்தில் கிடைக்காமல் ஒரு மலைக் கிராமத்துக் காப்பிக் கடையில் கிடைத்தது என்பதை இலக்கிய மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கையால் கற்றால்தான் காது திறக்கும்

பெரிய வித்வான் ஆக வேண்டியதில்லை, ஆனால் ஏதாவது ஒரு கருவியோ பாட்டோ அந்த ஊர் ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வாளர் மேண்டில் ஹூட் 1960-லேயே இதை வலியுறுத்தினார்: இரண்டு மொழி பேசுவதுபோல் இரண்டு இசையிலும் புழங்கத் தெரிய வேண்டும் என்று. கைக்கு வராத வரைக்கும் சில விஷயங்கள் காதில் விழவே விழாது.

பாலி கேமலானை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்கலப் பட்டைகள் கொண்ட கருவிகளை ஜோடி ஜோடியாகச் செய்வார்கள், ஜோடியில் ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் சுருதி ஏறியிருக்கும். இரண்டையும் சேர்த்துத் தட்டினால் நொடிக்கு ஏழெட்டு முறை ஒலி அலையடிக்கும். புதிதாகக் கேட்கிறவருக்கு சுருதி சேரவில்லையே என்று தோன்றும். அந்த அலைதான் அந்த இசையின் உயிர், அது இல்லாவிட்டால் கருவி செத்துக் கிடக்கிறது என்பார்கள். கூடவே, ஒரே மெட்டை இருவர் பங்கு போட்டுக்கொண்டு ஒருவர் விடும் இடைவெளியில் மற்றவர் தட்டுவார். உங்கள் பங்கை மட்டும் தனியாக வாசித்தால் அது ஒன்றுமே இல்லை. பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் உங்களால் வாசிக்கவே முடியாது என்பதை முதல் வகுப்பிலேயே கை சொல்லிக் கொடுத்துவிடும்.

அயர்லாந்தில் கூடி வாசிக்கும் செஷன்களுக்குப் போகிறவர்கள் கவனிக்க: அது கச்சேரி இல்லை, ஆனால் யார் வேண்டுமானாலும் நுழையும் இடமும் இல்லை. தெரியாத மெட்டுக்கு வாசிக்காதீர்கள், போரான் என்ற தோல் வாத்தியம் ஏற்கெனவே ஒருவர் கையில் இருந்தால் உங்களுடையதை உறையிலேயே விட்டுவிடுங்கள். சில வாரம் ஓரமாக உட்கார்ந்து கேட்டாலே மூத்தவர் ஒருவர் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைப்பார். டப்ளினில் ஐரிஷ் மரபிசை ஆவணக் காப்பகம் 1987-இலிருந்து இருக்கிறது, இரவு கேட்ட மெட்டைக் காலையில் அங்கே போய்ப் பழைய பதிவில் தேடலாம்.

பதிவு செய்யும்போது

இப்போது ரெக்கார்டரை எடுக்கலாம். கையடக்க ரெக்கார்டர் ஒன்று, மைக்குக்குக் காற்றைத் தடுக்கும் ரோமத் தொப்பி, காதை மூடும் ஹெட்போன். இந்த மூன்றில் தொப்பியைத்தான் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள், காற்று அடித்த பதிவை எந்த மென்பொருளாலும் முழுதாகக் காப்பாற்ற முடியாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். உரத்த இடத்தில் அளவு முள் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். தானாக அளவைச் சரிசெய்யும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், அது இயங்கினால் அமைதிக்கும் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசமே போய்விடும், நாம் படிக்க வந்ததே அந்த வித்தியாசத்தை. பதிவைத் தொடங்கியதும் தேதி, நேரம், இடம், யார் முன்னிலையில் என்று உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள்.

அனுமதி இல்லாமல் ஒருவர் குரலைப் பதிவு செய்யாதீர்கள். இது மரியாதை மட்டுமல்ல, ஜெர்மனியில் தனிப்பட்ட பேச்சை ஒருவருக்குத் தெரியாமல் பதிவு செய்வது குற்றவியல் சட்டத்தின் 201-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மற்ற நாடுகளில் சட்டம் வேறு வேறு மாதிரி, போவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சடங்குப் பாட்டு, இரங்கல் பாட்டு போன்றவற்றுக்குப் பாடுகிறவர் ஒருவர் சம்மதித்தால் போதாது, அது யாருக்குச் சொந்தம் என்று அந்தச் சமூகம் நினைக்கிறதோ அவர்களிடமும் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள், ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதை மட்டும் நோட்டில் எழுதுங்கள். சில சமயம் அந்தக் காரணம் பதிவைவிட அதிகம் சொல்லும்.

எடுத்த பதிவை, பாடியவரிடமே போட்டுக் காட்டிப் பேசச் சொல்லுங்கள். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவன் ஃபெல்ட் பாப்புவா நியூ கினியின் பொசாவி காட்டில் கலுலி மக்களிடம் இப்படித்தான் வேலை செய்தார். அவர்களுடைய பாட்டின் சுரங்கள் ஒரு புறாவின் கூவலோடு பிணைந்தவை, மெட்டின் போக்கை அவர்கள் அருவியைப் பற்றிப் பேசும் சொற்களால் பேசுகிறார்கள் என்பதெல்லாம் கேட்டுக் கேட்டு, திரும்பப் போட்டுக் காட்டி, அவர்கள் வாயால் வந்தவை. இதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1982-இல் வந்தது, ஓசையைக் கொண்டு ஒரு சமூகத்தைப் படிப்பது எப்படி என்பதற்கு இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள்.

கட்டுரை எழுதும்போது, கேட்டதை ஒரு பத்தியிலும் அதற்கு உங்கள் விளக்கத்தை வேறு பத்தியிலும் எழுதிப் பழகுங்கள். 'சோகமான பாட்டு' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, குரல் எங்கே உடைந்தது, எந்தச் சொல்லில் நின்றது, கூட்டம் என்ன செய்தது என்று எழுதுங்கள். ஊருக்குத் திரும்பும் முன் பதிவின் நகலைப் பாடியவர்களுக்கு அவர்கள் கேட்கக்கூடிய வடிவத்தில் கொடுத்துவிடுங்கள். பென் டிரைவ் வைத்துக்கொள்ள வழியில்லாதவர் என்றால் அவருடைய பேரப்பிள்ளையின் கைபேசிக்கு அனுப்புங்கள். எந்தக் கோப்பு எந்த நாளில் யாருடையது என்று அந்த ஊர் மொழியிலேயே ஒரு தாளில் எழுதியும் கொடுத்துவிட்டு வாருங்கள்.